டிவியைப் பதிவு செய்ய ஒரு கணினி: பிடிப்பது வேறு, காட்டுவது வேறு

ஹோம் தியேட்டர் கணினி ஒன்று அமைக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் பிராசசரைப் பற்றித்தான். அடுத்தது ராம். கேம் விளையாடுவதற்கோ வீடியோ எடிட் செய்வதற்கோ கணினி வாங்குகிறவருக்கு அவை நியாயமான கேள்விகள். டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைக்க நினைப்பவருக்கு அவை கடைசியில் கேட்க வேண்டியவை. மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய மேசைக் கணினிகூட ஒரே நேரத்தில் நாலு சேனல்களை அலட்டிக்கொள்ளாமல் பதிவு செய்துவிடும். ஆனால் ஒளிபரப்பைப் பிடிக்கும் கருவியான டியூனர் பொருந்தாமல் போனால், அல்லது நிகழ்ச்சி அட்டவணை பிசகினால், சந்தையில் இருப்பதிலேயே வேகமான கணினியை வைத்திருந்தும் பயனில்லை.

இதில் இருப்பது ஒரு வேலை அல்ல, இரண்டு வேலை. வந்துகொண்டிருக்கும் ஒளிபரப்பைப் பிடித்துக் கோப்பாகச் சேமிப்பது ஒன்று. அந்தக் கோப்பைப் பெரிய திரையில் நன்றாகக் காட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்குக் கணிக்கும் சக்தி ஏறக்குறைய தேவையே இல்லை. எப்போதும் விழித்திருந்தால் போதும். இரண்டாவது வேலைக்கு நல்ல வீடியோ சிப் வேண்டும், சத்தம் போடாத பெட்டி வேண்டும், சோபாவில் இருந்தபடி இயக்க ரிமோட் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் திணிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. வாங்க நினைக்கும் ஒவ்வொரு பாகமும் இந்த இரண்டில் எந்த வேலைக்கு என்று கேட்டுப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

காற்றில் வருவது என்ன?

வேகமான கணினி வேண்டும் என்ற பேச்சு அனலாக் காலத்து மிச்சம். அப்போது டியூனர் கார்டு, வரும் படத்தை எண்களாக மாற்றிக் கணினியிடம் கொட்டும். 720 × 576 புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள், ஒரு புள்ளிக்கு 2 பைட் என்று பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 20 எம்பிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி அளவு. அப்படியே வைத்துக்கொள்ள முடியாது என்பதால் கணினி அதை ஓட ஓடச் சுருக்க வேண்டியிருந்தது. அன்றைய பிராசசர்கள் அதில் மூச்சு வாங்கின. ஹாப்பாக் நிறுவனத்தின் பிவிஆர்-250 போன்ற கார்டுகள் அந்தக் காலத்தில் கொண்டாடப்பட்டதற்குக் காரணம், எம்பெக்-2 முறையில் சுருக்கும் சிப்பைத் தாங்களே சுமந்து வந்ததுதான்.

டிஜிட்டல் ஒளிபரப்பில் சுருக்கும் வேலையை நிலையமே முடித்துவிடுகிறது. நம் ஆன்டெனாவுக்கு வருவது ஏற்கெனவே சுருக்கப்பட்ட எண்களின் ஓடை. அதை ஓயாமல் ஓடும் ஒரு சரக்கு ரயில் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியும் சரியாக 188 பைட் நீளம். முதல் பைட்டின் மதிப்பு எப்போதும் 71. அதைப் பார்த்துத்தான் ஒரு பெட்டி எங்கே தொடங்குகிறது என்பதே தெரியும். முதல் 4 பைட் முகவரிச் சீட்டு, மீதி 184 பைட் சரக்கு. சீட்டில் 13 பிட் அளவில் பிஐடி என்ற அடையாள எண் எழுதியிருக்கும். ஒரு எண் உள்ள பெட்டிகளில் ஒரு சேனலின் படம், இன்னொரு எண்ணில் அதன் ஒலி, வேறொன்றில் சப்டைட்டில். பிஐடி 0 உள்ள பெட்டிகள் பொருளடக்கம் மாதிரி: இந்த ரயிலில் எந்தெந்தச் சேனல் ஏறியிருக்கிறது, ஒவ்வொன்றின் விவரத்தை எந்த எண்ணில் தேட வேண்டும் என்று அவை சொல்லும்.

பதிவு செய்யும் மென்பொருள் செய்வது இவ்வளவுதான். நீங்கள் கேட்ட சேனலின் எண்கள் உள்ள பெட்டிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, வந்த வரிசையிலேயே ஹார்ட் டிஸ்கில் எழுதுகிறது. படத்தை விரித்துப் பார்ப்பதுகூட இல்லை. பெரிய கோப்பு ஒன்றை நிதானமான வேகத்தில் காப்பி செய்வதற்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ அவ்வளவுதான் இதற்கும்.

இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஒரே அலைவரிசையில் பல சேனல்கள் சேர்ந்து வருகின்றன. அந்தக் கூட்டத்தை மக்ஸ் என்பார்கள். டியூனர் பிடிப்பது சேனலை அல்ல, மக்ஸை. ஆகவே ஒரே மக்ஸில் இருக்கும் மூன்று சேனல்களை ஒரே டியூனரால் ஒரே சமயத்தில் பதிவு செய்ய முடியும், மென்பொருளுக்கு அது தெரிந்திருந்தால். எத்தனை டியூனர் வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் சேனல்கள் எத்தனை மக்ஸ்களில் பரவியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பலருக்கு இரண்டே போதும்.

டியூனர்

முதலில் வாங்க வேண்டியது இதுதான், கணினி அப்புறம். டிஜிட்டல் ஒளிபரப்புக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான தரம் கிடையாது. அமெரிக்காவிலும் தென் கொரியாவிலும் ஏடிஎஸ்சி. ஐரோப்பாவிலும், ஆசியா, ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் டிவிபி-டி, அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2. ஜப்பானிலும் பிரேசிலிலும் ஐஎஸ்டிபி-டி, அதுவும் ஆளுக்கொரு வகை. சீனாவுக்குத் தனியாக டிடிஎம்பி. இவை தரைவழி ஒளிபரப்புக்கு மட்டும். டிஷ் ஆன்டெனாவுக்கு டிவிபி-எஸ்2, கேபிளுக்குப் பல நாடுகளில் டிவிபி-சி என்று பட்டியல் நீளும். டி2 டியூனர்கள் பொதுவாகப் பழைய டி ஒளிபரப்பையும் பிடிக்கும். பழைய டி டியூனர் டி2-ஐப் பிடிக்காது. ஏடிஎஸ்சி 1.0 டியூனரால் 3.0 ஒளிபரப்பை எடுக்க முடியாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு நாட்டுக்கான டியூனரை வாங்கிவிட்டு, சேனலே வரவில்லை என்று மென்பொருளைத் திட்டுகிறவர்கள் எப்போதும் உண்டு.

வடிவத்தில் மூன்று வகை. கணினிக்குள் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, வெளியே தொங்கும் யூஎஸ்பி குச்சி, ரவுட்டரோடு இணைக்கும் நெட்வொர்க் டியூனர். யூஎஸ்பி குச்சி விலை குறைவு, ஆனால் சூடாகும். கணினி உறங்கி எழுந்தால் சில சமயம் அது எழாது. உள் கார்டு நிலையாக வேலை செய்யும், ஆனால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் கிடைக்கிறதா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்ய வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இதில் இரட்டைக் கவனமாக இருப்பது நல்லது: மாடல் பெயரை மாற்றாமலே உள்ளே இருக்கும் சிப்பை மாற்றிவிடும் பழக்கம் இந்தத் துறையில் உண்டு.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது நெட்வொர்க் டியூனர். சிலிகான்டஸ்ட் நிறுவனத்தின் எச்டிஹோம்ரன் இந்த வகையில் பரவலாகத் தெரிந்த பெயர். டிஷ் ஒளிபரப்புக்கு சாட்-ஐபி என்ற முறையில் இயங்கும் பெட்டிகள் இருக்கின்றன. ஆன்டெனா கேபிள் வீட்டின் எந்த மூலையில் இறங்குகிறதோ அங்கேயே டியூனரை வைத்துவிடலாம்; கணினி வேறு அறையில் இருக்கலாம். கணினியை மாற்றினாலும் டியூனர் அப்படியே இருக்கும். ஒரே நிபந்தனை, டியூனருக்கும் பதிவுக் கணினிக்கும் நடுவே வைஃபை வேண்டாம். யூடியூப் பார்க்கும்போது வைஃபை ஒரு நொடி தடுமாறினால் முன்கூட்டியே சேர்த்து வைத்ததை வைத்து அது சமாளிக்கும். நேரலையாக வந்துகொண்டிருக்கும் ஓடை அப்படிக் காத்திருக்காது. விழுந்தது விழுந்ததுதான், பிறகு பார்க்கும்போது அந்த இடத்தில் படம் சதுரம் சதுரமாக உடையும்.

பூட்டிய சேனல்கள்

இந்தத் திட்டங்களில் பாதி இங்கேதான் நின்றுபோகும். இலவச ஒளிபரப்பு பல நாடுகளில் திறந்தே வருகிறது. மேலே சொன்னபடி பொறுக்கி எடுத்து எழுதிவிடலாம். கட்டணச் சேனல்கள் மறையாக்கத்தோடு வருகின்றன. கோப்பில் எழுதலாம், ஆனால் எழுதியதைத் திறக்க முடியாது. சில நாடுகளில் கட்டண நிறுவனம் தரும் கார்டை, காம் என்ற சிறு பெட்டகத்தில் வைத்து டியூனரில் செருகும் வசதி இருக்கிறது. அது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் கேபிள் சேனல்களைத் திறக்க இருந்த கேபிள்கார்டு முறையைக் கட்டாயமாக்கிய விதிகளை அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் 2020-இல் நீக்கிவிட்டது. ஜப்பானில் இலவசச் சேனல்களுக்கே பி-காஸ் கார்டு வேண்டும். ஏடிஎஸ்சி 3.0-இலும் அமெரிக்க நிலையங்கள் பல தங்கள் சேனல்களைப் பூட்டத் தொடங்கியிருக்கின்றன.

செட்-டாப் பாக்ஸில் இருந்து எச்டிஎம்ஐ வழியாகப் பிடிக்கலாமே என்று அடுத்த யோசனை வரும். அந்த வழியில் எச்டிசிபி என்ற பாதுகாப்பு இருப்பதால் சாதாரணப் பிடிப்புக் கருவிக்குக் கறுப்புத் திரைதான் கிடைக்கும். 2008-இல் வந்த ஹாப்பாக் எச்டி பிவிஆர், பாக்ஸின் பின்னால் இருந்த காம்பொனென்ட் அனலாக் இணைப்பில் இருந்து படத்தை எடுத்து, தானே எச்.264 முறையில் சுருக்கிக் கொடுத்தது. சேனல் மாற்ற, ரிமோட்டைப் போலவே அகச்சிவப்பு ஒளி வீசும் ஒரு சின்ன விளக்கைப் பாக்ஸின் முகத்தில் ஒட்ட வேண்டும். வேலை செய்தது, ஆனால் ஒரு பாக்ஸுக்கு ஒரு சேனல்தான். இப்போதைய பாக்ஸ்களில் அந்த அனலாக் இணைப்பே அரிதாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில், கட்டணச் சேனல்கள்தான் உங்கள் முதன்மைத் தேவை என்றால் நிறுவனமே தரும் ரெக்கார்டர் பாக்ஸை வாங்கிக்கொள்வது மரியாதை. இனி சொல்வதெல்லாம் திறந்த ஒளிபரப்பைப் பிடிக்கிறவர்களுக்கு.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது தவறல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கில், 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மற்ற நாடுகளில் விதிகள் வேறுபடும். பதிவு செய்ததை ஊருக்கெல்லாம் பகிர்வதை எந்தத் தீர்ப்பும் அனுமதிக்கவில்லை.

ஆன்டெனா

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் அலட்சியப்படுத்தக் கூடாது. அனலாக் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டல் அப்படி மெல்ல மங்குவதில்லை. ஒரு எல்லை வரை படம் சுத்தமாக இருக்கும், அதைத் தாண்டினால் உடைந்து, பிறகு ஒன்றுமே இருக்காது. டிவியில் நன்றாகத் தெரிகிறதே என்பது ஆதாரமில்லை. எல்லைக்கு ஒரு விரல் தூரத்தில்கூட நிற்கலாம். அதே கேபிளில் இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒன்றைச் சேர்த்தால் ஒவ்வொரு வழியிலும் சுமார் 3.5 டெசிபல் இழப்பு, அதாவது பாதிக்கு மேல் சிக்னல் போய்விடும். நேற்று வரை வந்த சேனல் டியூனர் மாட்டியதும் காணாமல் போவது இதனால்தான்.

மென்பொருள் காட்டும் சிக்னல் வலிமையைவிடத் தரம், அதாவது இரைச்சலோடு ஒப்பிட்ட அளவு, முக்கியம். அதைவிட நம்பகமான சாட்சி ஒன்று அந்த 188 பைட் பெட்டிகளிலேயே இருக்கிறது. முகவரிச் சீட்டில் 0 முதல் 15 வரை சுழன்று வரும் ஒரு வரிசை எண் உண்டு. 6-க்கு அடுத்து 9 வந்தால் நடுவே சில பெட்டிகள் தொலைந்தன என்று பொருள். பதிவு மென்பொருள்கள் பல இதைக் ‘கன்டினியூட்டி எரர்’ என்று எண்ணிக் காட்டும். ஒரு மணி நேரப் பதிவில் அந்த எண் 0 என்றால் நிம்மதி. நூற்றுக்கணக்கில் ஏறினால் மென்பொருளைக் குடையாதீர்கள். கேபிளையும் இணைப்பு முனைகளையும் பாருங்கள்.

டிஸ்க்கின் கணக்கு

ஒரு வாய்ப்பாட்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: நொடிக்கு 1 மெகாபிட் என்பது மணிக்கு 0.45 ஜிபி. சாதாரணத் தரச் சேனல் ஒன்று நொடிக்கு 3 மெகாபிட் என்றால் மணிக்கு 1.35 ஜிபி. எச்.264 முறையில் வரும் எச்டி சேனல் 8 மெகாபிட் என்றால் 3.6 ஜிபி. ஏடிஎஸ்சி 1.0-இன் முழு மக்ஸும் 19.39 மெகாபிட், ஒரே எச்டி சேனல் அது முழுவதையும் எடுத்துக்கொண்டால் மணிக்கு 8.7 ஜிபி ஆகும். அந்த மோசமான கணக்கிலும் 1 டிபி டிஸ்கில் 110 மணி நேரத்துக்கு மேல் வைக்கலாம்.

வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். 19.39 மெகாபிட் என்பது நொடிக்கு 2.4 எம்பிதான், நாலு பதிவு ஒன்றாக ஓடினாலும் 10 எம்பிக்குள். சாதாரண ஹார்ட் டிஸ்க் அதைப்போலப் பத்து மடங்கு வேகத்தில் எழுதும். ஆகவே பதிவுகளுக்கு எஸ்எஸ்டி வீண் செலவு. இயங்குதளத்துக்கு ஒரு சிறிய எஸ்எஸ்டி, பதிவுகளுக்குத் தனியாக ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் என்று பிரித்து வைப்பதே நல்லது. டிஸ்க் நிரம்பினாலும் கணினி தடுமாறாது. தடங்களை ஒன்றின்மேல் ஒன்று ஓரம் ஏற எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்குகள் எழுதி அழித்து எழுதும் வேலையில் சில சமயம் திடீரென்று மந்தமாகும், சிஎம்ஆர் என்று குறிப்பிட்டதை எடுங்கள். பழைய வெளிப்புற டிஸ்க்கை மாட்டுகிறவர்கள் அது எஃப்ஏடி32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. முழு வேகத்தில் வரும் ஏடிஎஸ்சி எச்டி பதிவு அரை மணி நேரத்துக்குள் அந்தச் சுவரில் முட்டிவிடும்.

அட்டவணையும் கடிகாரமும்

ஆன்டெனா சரி, டியூனர் சரி, டிஸ்கில் இடம் இருக்கிறது. அப்படியும் நிகழ்ச்சி பதிவாகாமல் போகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பதிவுக் கணினிக்குப் படத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது அட்டவணை மட்டுமே: இந்தச் சேனலில், இத்தனை மணிக்கு, இந்தப் பெயரில் ஒன்று தொடங்கும்.

அந்த அட்டவணை இரண்டு வழியில் வரும். ஒன்று, ஒளிபரப்போடு சேர்ந்து காற்றிலேயே வருவது. டிவிபி நாடுகளில் பல நிலையங்கள் ஒரு வாரத்துக்கான விவரத்தை அனுப்புகின்றன. இப்போது, அடுத்து என்ற இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும் நிலையங்களும் உண்டு. ஏடிஎஸ்சியில் 12 மணி நேர விவரம்தான் கட்டாயம். அதை வைத்துக்கொண்டு அடுத்த வாரத் தொடரைத் திட்டமிட முடியாது. இரண்டாவது வழி, இணையத்தில் இருந்து எடுப்பது. எக்ஸ்எம்எல்டிவி என்ற கோப்பு வடிவத்தைப் பெரும்பாலான பதிவு மென்பொருள்கள் ஏற்றுக்கொள்ளும். வட அமெரிக்காவில், இலவசமாகக் கிடைத்துவந்த சேவை ஒன்று 2007-இல் நின்றபோது, பயன்படுத்தியவர்களே சேர்ந்து ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கிச் சந்தா முறையில் நடத்துகிறார்கள். அட்டவணைக்குக் காசு கொடுப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு என் பதில்: முழு அமைப்பிலும் காசு கொடுக்கத் தகுந்த ஒரே மென்பொருள் பகுதி அதுதான்.

எக்ஸ்எம்எல்டிவி கோப்பை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். நேரம் 14 இலக்கமாக, ஆண்டில் தொடங்கி நொடி வரை ஒட்டி எழுதியிருக்கும். அதன் பின்னால் ஒரு இடைவெளி விட்டு, உலகப் பொது நேரத்தோடு உள்ள வித்தியாசம். இந்தக் கடைசிப் பகுதி விடுபட்டாலோ தவறாக இருந்தாலோ எல்லா நிகழ்ச்சியும் ஒரே அளவுக்கு நகர்ந்துவிடும். எல்லாப் பதிவும் சரியாக ஒரு மணி நேரமோ ஐந்தரை மணி நேரமோ தள்ளித் தொடங்கினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கணினியின் கடிகாரம் இணைய நேரத்தோடு தானாகச் சரிபார்த்துக்கொள்ளும்படி வைத்திருப்பதும் அவசியம்.

அட்டவணை சரியாக இருந்தாலும் நிலையம் அதை மதிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. நேரலை விளையாட்டு நீளும், அடுத்தது தள்ளிப்போகும். அதனால் முன்னால் 2 நிமிடம், பின்னால் 10 நிமிடம் என்று ஓரம் விட்டுப் பதிவு செய்வார்கள். இந்த ஓரத்தில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. ஒரு சேனலில் 9 மணி முதல் 10 மணி வரை ஒரு நிகழ்ச்சி. வேறு மக்ஸில் உள்ள இன்னொரு சேனலில் 10 மணிக்கு இன்னொன்று. தாளில் பார்த்தால் மோதல் இல்லை, ஒரு டியூனர் போதும். ஆனால் முதலாவது 10:10 வரை ஓடும், இரண்டாவது 9:58-க்கே தொடங்க வேண்டும். நடுவே 12 நிமிடம் இரண்டு டியூனர் வேண்டும். ஒன்றுதான் இருக்கிறதென்றால் ஏதாவது ஒன்று வெட்டுப்படும், அல்லது பதிவாகவே ஆகாது. நல்ல மென்பொருள், முன்னுரிமை குறைந்த நிகழ்ச்சிக்கு அதே வாரத்தில் மறுஒளிபரப்பு இருக்கிறதா என்று தேடி அங்கே மாற்றிவிடும். அதற்கும் அட்டவணைதான் கைகொடுக்க வேண்டும். தொடரில் புதிய பகுதியை மட்டும் பதிவு செய் என்று சொல்லும்போதும் இதே கதை: பகுதி எண் இல்லாத அட்டவணையை வைத்துக்கொண்டு கணினி எதைப் புதிது என்று நினைக்கும்? காலை மறுஒளிபரப்பையும் நள்ளிரவு மறுஒளிபரப்பையும் சேர்த்து மூன்று பிரதி எடுத்து வைக்கும்.

சில டிவிபி நிலையங்கள், நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும் கணத்தில் ஒளிபரப்பிலேயே ஒரு குறிப்பை மாற்றுகின்றன. டிவிஹெட்எண்ட் போன்ற மென்பொருள்கள் அதைப் பார்த்துப் பதிவைத் தொடங்கி நிறுத்தும். உங்கள் நிலையங்கள் அதை ஒழுங்காகச் செய்கின்றனவா என்று சில நாள் கவனித்துவிட்டு நம்புங்கள்.

மென்பொருள்

2002-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பாக வந்த மீடியா சென்டர் இந்தத் துறையில் பலரின் முதல் அனுபவம். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. அது தொடங்கிய 2002-இலேயே லினக்ஸில் பிறந்த மித்டிவி இன்னும் இருக்கிறது. பேக்எண்ட், ஃபிரன்ட்எண்ட் என்று பதிவையும் பார்வையையும் இரண்டு நிரலாகவே பிரித்து வைத்தது அது. அந்தப் பிரிவினைதான் இன்றைய மென்பொருள்கள் எல்லாவற்றின் எலும்புக்கூடு.

பதிவு பக்கத்துக்கு லினக்ஸில் டிவிஹெட்எண்ட், விண்டோஸில் நெக்ஸ்ட்பிவிஆர் என்று ஆரம்பிக்கலாம். ஜெல்லிஃபின், பிளெக்ஸ், எம்பி (Emby) ஆகிய மீடியா சர்வர்களிலும் பதிவு வசதி உண்டு. ஏற்கெனவே படங்களைச் சேர்த்து வைக்க அவற்றில் ஒன்றைப் பயன்படுத்துகிறவர் அங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். கோடி (Kodi) பற்றி ஒரு தெளிவு: முன்பு எக்ஸ்பிஎம்சி என்று இருந்து 2014-இல் பெயர் மாறிய இந்த மென்பொருள் அருமையாகக் காட்டும், ஆனால் தானாகப் பதிவு செய்யாது. மேலே சொன்ன பதிவு சர்வர்களில் ஒன்றோடு ஆட்-ஆன் வழியாகப் பேசி, அட்டவணையையும் பதிவுகளையும் திரைக்குக் கொண்டுவரும். டியூனரை மாட்டிவிட்டுக் கோடிக்குள் சேனல் தேடும் பொத்தானைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம்.

டிவிஹெட்எண்டின் முதல் திரையில் மிரளாதவர் குறைவு. அதன் வரிசை புரிந்தால் பயம் போய்விடும். முதலில் நெட்வொர்க், அதாவது தரைவழியா, டிஷ்ஷா, கேபிளா என்ற அறிவிப்பு. அந்த நெட்வொர்க்கைக் குறிப்பிட்ட டியூனரோடு இணைக்க வேண்டும். மறந்தால் தேடல் தொடங்கவே தொடங்காது. அடுத்து மக்ஸ்களைத் தேடும். ஒவ்வொரு மக்ஸையும் திறந்து, பொருளடக்கத்தைப் படித்து, உள்ளே இருப்பவற்றை சர்வீஸ் என்று பட்டியலிடும். அந்த சர்வீஸ்களில் வேண்டியதை மட்டும் நீங்கள் சேனலாக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு சேனலுக்கும் அட்டவணை எங்கிருந்து வரும் என்று சொல்ல வேண்டும். இந்த ஒழுங்கு மாறாமல் போனால் ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும்.

காட்டும் பக்கம்

பதிவு மறைவான இடத்தில் நடக்கட்டும். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் கருவி எதுவாகவும் இருக்கலாம்: விசிறி இல்லாத சின்னக் கணினி, ராஸ்ப்பெரி பை, ஏன், டிவியிலேயே இயங்கும் ஆப். ஆனால் டிவி ஒளிபரப்புக்கே உரிய ஒரு தொல்லையை அது சமாளிக்க வேண்டும். 1080ஐ, 576ஐ என்று ‘ஐ’ போட்ட தரங்களில் முழுப் படம் ஒன்றாக வருவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில். அனலாக் குழாய் டிவிக்கு அது பொருந்தியது. இன்றைய திரையில் இரண்டையும் அப்படியே சேர்த்தால், ஓடும் பந்தின் ஓரம் சீப்புப் பற்கள் மாதிரி கிழிந்து தெரியும். இதைச் சரிசெய்வது டீஇன்டர்லேசிங். பிராசசரோடு சேர்ந்தே வரும் இன்றைய சாதாரண கிராஃபிக்ஸ் இதை நன்றாகவே செய்யும், அமைப்பில் அது இயக்கப்பட்டிருந்தால். செய்திச் சேனலின் அடியில் எழுத்துகள் வழுக்கிப் போகும் இடத்தைப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால் மற்றதும் சரி.

நொடிக்கு 50 முறை வரும் ஒளிபரப்பை 60 ஹெர்ட்ஸ் திரையில் காட்டினால் காமிரா பக்கவாட்டில் நகரும்போது சின்னச் சின்ன உதறல் வரும். கோடியில், வீடியோவுக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வேகத்தை மாற்று என்ற அமைப்பை இயக்கினால் தீரும்.

டிவி ரிமோட்டாலேயே எல்லாவற்றையும் இயக்க எச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதி வேண்டும். ராஸ்ப்பெரி பையில் அது இருக்கிறது. சாதாரணக் கணினிகளின் கிராஃபிக்ஸ் கார்டுகளில் பொதுவாக இல்லை. பல்ஸ்-எய்ட் நிறுவனம் அதற்கென்று ஒரு யூஎஸ்பி அடாப்டர் விற்கிறது. கீபோர்டைத் தேடித்தான் சேனல் மாற்ற வேண்டும் என்ற நிலை வந்தால் வீட்டில் மற்றவர்கள் இரண்டே நாளில் பழைய பாக்ஸுக்குத் திரும்பிவிடுவார்கள், ஆகவே ரிமோட்டைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

உறக்கமும் விளம்பரமும்

பதிவு இல்லாத நேரத்தில் கணினியை உறங்க வைத்து, அடுத்த பதிவுக்குச் சில நிமிடம் முன்பு மதர்போர்டின் கடிகாரம் எழுப்பும்படி செய்ய முடியும். நெக்ஸ்ட்பிவிஆரும் மித்டிவியும் இதற்கு வழி வைத்திருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் எழுந்த கணினியில் டியூனர் எழாத இரவுகள் வரும். மின்சாரம் குறைவாகக் குடிக்கும் சிறிய கணினியை வாங்கி எப்போதும் ஓடவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கரண்ட் போய் வந்தால் தானாக இயங்கத் தொடங்கும்படி, கணினி தொடங்கும்போதே திறக்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் ஒரு தேர்வு இருக்கும், அதை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்.

விளம்பரங்களைத் தாண்ட காம்ஸ்கிப் என்ற நிரல் உண்டு. நடுவே வரும் கறுப்புப் படங்கள், ஒலி அறுந்த கணங்கள், மூலையில் சேனல் சின்னம் மறைவது ஆகியவற்றை வைத்து விளம்பரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது ஊகிக்கும். ஊகம்தான், சில சமயம் உச்சக்கட்டக் காட்சியையே விளம்பரம் என்று முடிவு கட்டும். அதனால் கோப்பில் இருந்து வெட்டி எறியும்படி அமைக்காமல், குறியிட்டுத் தாண்டும்படி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தவறாகத் தாண்டினால் பின்னால் வந்து பார்க்கலாம்.

ஒவ்வொரு பதிவையும் ஹேண்ட்பிரேக், எஃப்எஃப்எம்பெக் போன்ற வீடியோ மாற்றும் நிரலில் போட்டு எச்.265 முறையில் சுருக்கிவிடலாமே என்ற ஆசையும் வரும். இந்த அமைப்பில் பிராசசருக்கு உண்மையான வேலை கொடுக்கும் இடம் அது ஒன்றுதான். எம்பெக்-2 பதிவுகள் பாதிக்கும் கீழே இளைக்கும், ஏற்கெனவே எச்.264-இல் வந்தவற்றில் மிச்சமாவது குறைவு, தரமும் ஒரு படி இறங்கும். பார்த்ததும் அழிக்கப்போகும் செய்தியையும் தொடரையும் மணிக்கணக்கில் சுருக்குவதில் அர்த்தமில்லை. வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகும் கச்சேரியையோ ஆவணப் படத்தையோ மட்டும் அதற்கு அனுப்புங்கள், அதுவும் பதிவு எதுவும் ஓடாத நேரத்தில்.